வாடகைப் பாக்கி வழக்கைத் தனியாக எடுங்கள்: இரண்டு போர்ஷன் வீட்டுக்காரியின் திறந்த மடல்

கேரள அரசின் சட்டத் துறைக்கும், பாலக்காடு மாவட்ட நிர்வாகத்துக்கும், சித்தூர் தாலுகாவில் எங்களிடம் ஓட்டு வாங்கி ஜெயித்த எல்லாருக்கும்,

வணக்கம்.

சித்தூர் என்றதும் வெளியூர்க்காரர்கள் ஆந்திரத்துச் சித்தூரை நினைத்துக்கொள்கிறார்கள். நான் எழுதுவது பாலக்காட்டுச் சித்தூரிலிருந்து. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசுகிற ஊர்கள் வரிசையாக இருக்கும் கிழக்கு எல்லை. கேரளம் என்றால் மழை என்று நம்புகிறவர்கள் ஒரு கோடையில் எங்கள் பக்கம் வந்து பார்க்கலாம். தமிழ்நாட்டு ஆழியாற்றிலிருந்து வர வேண்டிய தண்ணீருக்காக ஒவ்வொரு வருஷமும் கண்ணை நட்டுக்கொண்டு காத்திருக்கிற ஊர்கள் இவை.

தென்னையையும் கடலையையும் மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது என்று தெரிந்த பிறகு, இங்கே பலர் கையில் வந்த காசை வாடகை வீடாக மாற்றினார்கள். ஒருவருக்கு வளைகுடாவில் சம்பாதித்த பணம், இன்னொருவருக்குச் சிட்டி (சீட்டு) எடுத்த பணம். எங்களுக்கு என் வீட்டுக்காரர் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணம். போதாததற்குக் கூட்டுறவு வங்கியில் கடன் வாங்கி, இருந்த வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்து, அதில் இரண்டு போர்ஷன் கட்டினோம். ஒன்றுக்கு 6,500 ரூபாய் வாடகை, மற்றதுக்கு 7,000. இரண்டும் ஒழுங்காக வந்தால் வங்கித் தவணை போக மருந்துக்கும் மளிகைக்கும் மிஞ்சும். எங்கள் சொத்து மொத்தமும் இதுதான்.

வீட்டு ஓனர் என்றதும் இடுப்பில் சாவிக்கொத்தும் வாயில் வெற்றிலையுமாக ஒருவர் மனதில் வந்து நிற்பார். சட்டம் எழுதியவர்களுக்கும் அவர்தான் வந்து நின்றிருக்க வேண்டும். 1965ஆம் ஆண்டு கேரளக் கட்டட (குத்தகை, வாடகைக் கட்டுப்பாட்டு) சட்டத்தில், நாற்பது கடைகள் கொண்ட வணிக வளாகத்தின் முதலாளிக்கும் இரண்டு போர்ஷன்காரியான எனக்கும் ஒரே பாதைதான். அவர் அந்தப் பாதையில் வக்கீலை வைத்து நடப்பார். நான் தவணை கட்டாத கடன்காரியாக நடக்க வேண்டியிருக்கிறது.

என் இரண்டு குடித்தனக்காரர்களைப் பற்றிச் சொன்னால்தான் நான் கேட்பது உங்களுக்குப் புரியும். அவர்கள் யார் என்று தெரியாதபடி கொஞ்சம் மாற்றியே சொல்கிறேன்.

முதல் போர்ஷனில் இருப்பவர் லோடு வண்டி ஓட்டுகிறவர். மனைவி, பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடும். பிறகு கையில் அடிபட்டு வண்டி ஏற முடியாமல் போனது. நான்கு மாதம் ஒரு ரூபாய் வரவில்லை. அவர் மனைவி மாடிப்படியில் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவாள். ஒருநாள் நானே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினேன். வேலைக்குத் திரும்பும்வரை பாதி வாடகை, திரும்பிய பிறகு முழு வாடகையோடு பழைய பாக்கியில் மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஒரு நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். இன்றுவரை தவறாமல் கழித்து வருகிறார்கள். இதற்குக் கோர்ட்டும் வேண்டாம், போலீசும் வேண்டாம்.

இரண்டாவது போர்ஷன்காரர் வேறு ரகம். சொந்தமாக வியாபாரம், வாசலில் கார். ஒப்பந்தம் முத்திரைத் தாளில் முறையாக எழுதி, இரண்டு சாட்சி வைத்து, பதினோரு மாதத்துக்குப் போட்டதுதான். ஒரு வருஷத்துக்கு மேல் போகிற குத்தகையைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதால் ஊர் முழுக்க அந்தப் பதினோரு மாதக் கணக்குதான் நடக்கிறது. மூன்று மாதம் சரியாகக் கொடுத்தார். அப்புறம் "நாளைக்கு ஜிபே பண்றேன் அக்கா" ஆரம்பித்தது. நாளை என்பது ஓணம் வந்து, தீபாவளி வந்து, பொங்கலும் போனது.

சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் செய்தோம். பாக்கியைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பாக்கியையும், ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையும், தபால் செலவையும் கொடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. கொடுக்காவிட்டால்தான் 11ஆம் பிரிவின்படி வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தில் மனு போட முடியும். இந்த 6 சதவீதத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வங்கிக்குக் கட்டும் வட்டி இதைவிட நிறைய அதிகம். அதாவது என்னிடம் பாக்கி வைப்பதுதான் இந்தத் தாலுகாவிலேயே மலிவான கடன். வியாபாரம் தெரிந்த எவருக்கும் இந்தக் கணக்கு விரலால் எண்ணிப் பார்க்காமலே தெரியும்.

மனு போட்டோம். வாய்தாக்கள் போயின. கடைசியில் காலி செய்யச் சொல்லி உத்தரவும் வந்தது. வீட்டில் பாயசம் வைக்கலாமா என்று யோசித்தபோதுதான் வக்கீல் அதே பிரிவின் அடுத்த வரியைப் படித்துக் காட்டினார். உத்தரவு வந்த ஒரு மாதத்துக்குள், அல்லது நீதிமன்றம் நீட்டிக்கிற காலத்துக்குள், குடியிருப்பவர் பாக்கியையும் வட்டியையும் வழக்குச் செலவையும் கட்டிவிட்டால் அந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அவர் கடைசி வாரத்தில் வந்து கட்டினார். உத்தரவு ரத்தானது. வழக்குச் செலவு என்று எனக்குக் கிடைத்தது நான் செலவழித்ததில் ஒரு மூலைக்குக்கூட வரவில்லை. அதன் பிறகு ஒழுங்காகக் கொடுத்தார், கொஞ்ச நாள். இப்போது மறுபடியும் நாளைக்கு ஜிபே.

இனி என்ன வழி என்று கேட்டால், மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் 15 நாள், மறுபடியும் மனு. வேண்டுமானால் அவர் மாவட்ட அளவில் மேல்முறையீடு போகலாம், அதற்குப் பிறகு எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனு போடலாம். இந்தச் சுற்றை அவர் எத்தனை முறை ஓடினாலும் களைக்க மாட்டார். எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது.

இந்த விதியே தப்பு என்று நான் சொல்லவில்லை. லோடு வண்டிக்காரர் மாதிரி ஒருவர் கோர்ட் வரை இழுக்கப்பட்டிருந்தால், அந்த ஒரு மாதம்தான் அவர் குடும்பத்தைத் தெருவில் நிற்காமல் காப்பாற்றும். கஷ்டப்படுகிறவருக்காக வைத்த கதவு அது. அதில் கார்க்காரர் போய்வருவதுதான் என் வருத்தம். முடியாதவரையும் மனமில்லாதவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது. பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமா? ஒருமுறை கோர்ட்டில் பணம் கட்டித் தப்பியவர் மறுபடியும் பாக்கி வைக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1958ஆம் ஆண்டு தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருப்பவருக்கு மிகவும் சாதகமானது என்று பெயர் வாங்கிய சட்டம். அதிலேயே, பாக்கியைக் கட்டி ஒருமுறை வெளியேற்றத்திலிருந்து தப்பியவர் அதே வீட்டுக்குத் தொடர்ந்து மூன்று மாத வாடகையை மறுபடியும் நிறுத்தினால், அந்தச் சலுகை இரண்டாம் முறை கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 1958இல் அங்கே தோன்றிய யோசனை இங்கே ஒரு திருத்தமாக வர என்ன தடை? நான் முதலில் கேட்பது இந்த ஒற்றை வரியைத்தான்.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 12ஆம் பிரிவின்படி, வழக்காட விரும்பும் குடியிருப்பவர் தான் ஒத்துக்கொள்ளும் பாக்கியை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், வழக்கு நடக்கும் மாதங்களுக்கும் கட்டிக்கொண்டே வர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஒத்துக்கொள்ளும்" என்ற இடத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு மாத வாடகையை அக்காவின் கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன் என்று ஒருவர் சொல்லிவிட்டால், கொடுக்கவில்லை என்பதை நான் எதைக் காட்டி நிரூபிப்பது? வராத பணத்துக்கு ரசீது கிடையாது. வாடகை வங்கிக் கணக்கு வழியாகவோ ரசீதின் மேலோதான் கைமாற வேண்டும், இரண்டும் இல்லாத ரொக்கத்தைக் கொடுத்ததாகச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று விதியில் தெளிவாக எழுதிவிட்டால் இந்த வாக்குவாதம் பாதியாகக் குறையும். நாங்கள் ரசீதுப் புத்தகம் வைத்துக்கொள்ளத் தயார். ரசீது தராத வீட்டுக்காரருக்கு அபராதம் போடுங்கள், அதற்கும் சரி.

ஊரில் யோசனைக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பூட்டை மாற்று என்றார் ஒருவர். மோட்டாரை நிறுத்து, தானாக ஓடிவிடுவார் என்றார் இன்னொருவர். ஃபியூஸைப் பிடுங்கச் சொன்னவர் எங்கள் உறவினரே. நாலு பேரை வைத்துச் சாமானைத் தூக்கி வெளியே போடுகிறேன், இவ்வளவு கொடுத்தால் போதும் என்று ரேட் சொன்னவரும் உண்டு. அந்த ரேட் வக்கீல் ஃபீசைவிடக் குறைவு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தண்ணீரையும் மின்சாரத்தையும் வீட்டுக்காரர் நிறுத்தக்கூடாது என்று அதே 1965ஆம் ஆண்டுச் சட்டம் 13ஆம் பிரிவில் சொல்கிறது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டம் (Specific Relief Act) வழி கொடுக்கிறது. அதுவும் சரிதான். என் மகள் வாடகை வீட்டில் இருந்தால் அவளுக்கு இந்தப் பாதுகாப்பு வேண்டும் என்றுதான் நானும் நினைப்பேன். ஆனால் நேர்வழி இவ்வளவு நீளமாக இருந்தால், ரேட் சொல்கிறவர்களுக்கு வேலை குறையாது. காவல் நிலையத்தில் கேட்டதற்கு "இது சிவில் கேஸ்" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை.

வாடகை வராத வீட்டில் செலவு மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மின் இணைப்பு என் பெயரில். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போது அதைக் கட்டுவதும் நான்தான், கட்டாவிட்டால் பாக்கிக்காரி என்று பெயர் வாங்குவதும் நான்தான். கட்டட வரி அரையாண்டுக்கு ஒருமுறை, அது 2023இலிருந்து வருஷம் 5 சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. உள்ளாட்சிக்காகக் குப்பை சேகரிக்கும் ஹரிதகர்ம சேனைப் பெண்கள் பிளாஸ்டிக் எடுக்க வரும்போது அந்த ஐம்பது ரூபாயைக்கூட அவர் "கீழே அக்காகிட்ட வாங்கிக்கோங்க" என்று அனுப்பிவிடுகிறார். சேனைக்கு வருகிறவள் என் கூடப் படித்தவள். அவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அடுத்து, எந்தச் சட்டம் எந்த ஊருக்கு என்ற குழப்பம். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் மாநிலம் முழுக்கத் தானாகப் பொருந்துவதில்லை. அட்டவணையில் இருக்கிற இடங்களுக்கும், அரசு அரசிதழில் அறிவித்த பகுதிகளுக்கும் மட்டும்தான். அறிவிக்காத பஞ்சாயத்தில் வீடு இருந்தால் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம். அதன் 106ஆம் பிரிவின்படி 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை முடித்துவிட்டு, முன்சீப் நீதிமன்றத்தில் சாதாரண சிவில் வழக்காகப் போட வேண்டும். என் வீடு சட்டம் பொருந்துகிற பகுதியில் இருக்கிறது. அறிவிப்பு இல்லாத பஞ்சாயத்து எல்லைக்குள் வீடு கட்டியவருக்கு விதி வேறு, கோர்ட் வேறு, கட்டணம் வேறு. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் கோயம்புத்தூர் மாவட்டம், அங்கே மூன்றாவது சட்டம். மூன்று சட்டமும் ஒரே பஸ் டிக்கெட்டில் அடங்கும்.

1956 வரை கேரளத்தின் வடபகுதியான மலபார் சென்னை மாநிலத்தோடு இருந்தது. பிரிந்த பிறகு சென்னை மாநிலத்தவர், அதாவது இன்றைய தமிழ்நாட்டுக்காரர்கள், 1960இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள், நாம் 1965இல் போட்டோம். அவர்கள் தங்கள் பழைய சட்டத்தை நீக்கி 2017இல் புதிதாக ஒன்று கொண்டுவந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தினார்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. வாடகை அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். அங்கே எல்லாம் தேனாறு ஓடுகிறது என்று சொல்ல வரவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிற என் அக்கா, ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டதால் வாடகை நீதிமன்றத்தில் திணறுகிறவர்களைப் பற்றி வேறு கதை சொல்கிறாள். ஆனால் அங்கே ஒரு பதிவேடு இருக்கிறது. யார் வீட்டில் யார், என்ன வாடகை, எப்போதிலிருந்து என்பது அரசுக்குத் தெரியும். தில்லியில் ஒன்றிய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் கொடுத்த மாதிரி வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையும் வாடகை அதிகாரியையும்தான் சொல்கிறது. குடியிருப்புக்கு முன்பணம் இரண்டு மாதம்தான் என்கிறது அது. எனக்கு அதிலும் ஆட்சேபம் இல்லை.

பெரிய சட்டம் வர நாளாகும் என்பது எனக்குத் தெரியும். அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இலேயே இருக்கிறது. தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச சட்ட உதவி கிடைக்க வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்வது எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்குத் தெரியாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) வழக்குப் போடுவதற்கு முன்பே பேசி முடித்து, அந்த முடிவைச் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமமாக ஆக்க முடியும், அதன் மேல் அப்பீலும் கிடையாது. சித்தூர் தாலுகாவில் மாதம் ஒருநாள் வாடகைப் பாக்கிக்கென்றே ஒரு அமர்வு வையுங்கள். மூன்று போர்ஷனுக்கு மேல் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தாலும் சரி. லோடு வண்டிக்காரரோடு நான் நோட்டில் எழுதிக்கொண்ட மாதிரி உடன்பாடுகள் அங்கே சட்டப்படி நிற்கும். தவணை முறிந்தால் புதிதாக வழக்குப் போட வேண்டியதில்லை, அந்த முடிவை நிறைவேற்றச் சொல்லி ஒரு மனு போதும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. எதிர்த் தரப்பு சம்மதிக்காவிட்டால் அதாலத்தில் ஒன்றும் நடக்காது. கார்க்காரர் வர மாட்டார். அதனால்தான், அதாலத்துக்கு அழைப்பு வந்தும் காரணமில்லாமல் வராதவர் பிறகு நீதிமன்றத்தில் கால நீட்டிப்பு கேட்டால், அந்த வராமையைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்க்கச் சொல்கிறேன். வழக்கு எடுத்தால் பாக்கி மட்டுமே பிரச்சினையாக உள்ள மனுக்களைத் தனி வரிசையில் போடுங்கள். கட்டடத்தின் உரிமை யாருக்கு, வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே அந்த இடம் தேவையா என்பன போன்ற சிக்கலான வழக்குகளோடு சேர்த்து அதை வரிசையில் நிற்கவைக்க வேண்டியதில்லை. வாடகை வந்ததா இல்லையா என்பதற்கு எத்தனை வாய்தா தேவைப்படும்?

அந்த அமர்வின் நோட்டீசும் படிவமும் தமிழிலும் இருக்கட்டும். 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்குத் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்கிறது. இந்த மடலைத் தமிழில் எழுதுவதும் அந்தத் தைரியத்தில்தான். மலையாளம் எங்களுக்குப் பேச வரும், பஸ் போர்டு படிக்க வரும். கோர்ட் மலையாளம் வேறு. எனக்கு வந்த காகிதங்களை நான் படித்தது குறைவு, பிறர் படித்துச் சொல்லிக் கேட்டதே அதிகம்.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு எதிராக எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், எங்கள் தெருவுக்கு வந்து பூட்டிக் கிடக்கும் மாடிகளைப் பார்க்கட்டும். என் கதையைக் கேட்ட இரண்டு வீட்டுக்காரர்கள் காலி போர்ஷனை அப்படியே பூட்டி வைத்திருக்கிறார்கள். இன்னும் சிலர் மாதச் சம்பளக்காரர் வேண்டும், கம்பெனி கடிதம் வேண்டும், ஆறு மாத அட்வான்ஸ் வேண்டும் என்கிறார்கள். இதில் அடிபடுவது யார்? கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ் ஏறுகிற கூலிக்காரர், கஞ்சிக்கோட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, கணவன் இல்லாமல் பிள்ளையோடு வீடு தேடுகிற பெண். பாக்கி வைக்கத் தெரிந்தவருக்கு எப்படியும் வீடு கிடைத்துவிடுகிறது. சாதியும் மதமும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிற வீட்டுக்காரர்களும், சுண்ணாம்பு அடித்த செலவு என்று அட்வான்ஸை விழுங்குகிறவர்களும் எங்களிடையே உண்டு. அவர்களைப் பிடிக்கவும் அந்த அதாலத்தே போதும். குடியிருப்பவர்களும் அங்கே வந்து மனு கொடுக்கட்டும்.

கடைசியாக, பணம் சம்பந்தமான ஒரு கோரிக்கை. விபத்தோ நோயோ வந்து வருமானம் நின்ற குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாத வாடகையைக் கடனாகக் கொடுக்க உள்ளாட்சி வழியாக ஒரு சிறு நிதி வையுங்கள். அது நேராக வீட்டுக்காரரின் கணக்குக்கு வரட்டும், குடும்பம் மெதுவாகத் திருப்பிக் கட்டட்டும். பஞ்சாயத்துக்கும் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களுக்கும் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று தெரியும். நான் பாதி வாடகைக்கு ஒத்துக்கொண்டதால் என் வங்கித் தவணை இரண்டு தவறியது, அதற்கு அபராத வட்டியும் போட்டார்கள். அடுத்த முறை இப்படி ஒருவர் வந்தால் நான் அதே மாதிரி செய்வேனா என்று தெரியவில்லை. செய்ய முடிகிற நிலையில் என்னை வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

கார்க்காரருக்கு இரண்டாவது நோட்டீஸ் போய்விட்டது. இந்த மடலின் நகலைத் தாலுகா சட்டப் பணிகள் குழுவிடமும் கொடுக்கிறேன். வாடகை அமர்வுக்கு எந்த மாதம் நாள் குறிக்க முடியும் என்று மட்டும் முதலில் பதில் எழுதுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
இரண்டு போர்ஷன் வீட்டுக்காரி,
சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்